பள்ளத்து வீட்டுக்கு ஒரு லைன்

அக்டோபர் 6, திங்கள்

மதி எழுதச் சொன்னாள், எழுதுகிறேன். "நான் வர்ற வரைக்கும் வீட்டுல என்ன நடந்துச்சுன்னு ஒரு நோட்டுல எழுதி வைங்க. வந்து படிச்சுக்கிறேன்" என்றாள். அவளுக்கு வீட்டைப் பற்றித் தெரியாமல் இருக்க முடியாது. போனில் சொல்லலாம் என்றால் எங்கள் வீட்டில் சிக்னல் கிடையாது. கோத்தகிரியிலிருந்து சரியும் தேயிலைத் தோட்டத்துக்குக் கீழே, பள்ளத்தில் இருக்கிறது வீடு. பேச வேண்டுமானால் மேட்டு ரோட்டு வளைவு வரை ஏறிப் போய், பஸ் நிற்கும் இடத்தில் நின்று பேச வேண்டும். அங்கே பேசினால் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் எல்லாருக்கும் நம் வீட்டுச் சேதி தெரிந்துவிடும்.

மதி கோயம்புத்தூரில் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். துணைக்கு அவள் அம்மா இருக்கிறார். குழந்தை கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறாள். நாள் ஆகும் முன்பே செப்டம்பர் கடைசியில் பிறந்துவிட்டாள். பெயர் இன்னும் வைக்கவில்லை. வார்டில் எல்லாரும் அவளை 'வளர்மதி பேபி' என்றுதான் சொல்கிறார்கள். மதியின் முழுப்பெயர் அது.

நேற்று நான் கிளம்பும்போது டாக்டர் அம்மா கூப்பிட்டுச் சொன்னார். "குழந்தை நல்லாத்தான் வந்துட்டு இருக்கா. ஆனா வீட்டுக்கு அனுப்பின பிறகு ரெண்டு மாசம் தினமும் சாயங்காலம் எங்க சிஸ்டர் வீடியோல அவளைப் பார்க்கணும். பால் எப்படிக் குடிக்கிறா, மூச்சு எப்படி விடறா, எல்லாம் பார்க்கணும். சிக்னலே இல்லாத வீட்டுக்கு நான் அனுப்ப மாட்டேன் சார். இல்லேன்னா இங்கயே பக்கத்துல ரூம் எடுத்துத் தங்குங்க."

ரூம் என்றதும் மதி, "நான் என் வீட்டுக்குத்தான் போவேன்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஆக, வீட்டுக்கு நெட் கொண்டு வர வேண்டும். நான் பேக்கரியில் வர்க்கி போடுகிறவன். மாவு பிசைவது, மடிப்பது, அடுப்பில் வைத்து எடுப்பது தெரியும். நெட் பற்றி ஒன்றும் தெரியாது. பார்க்கலாம்.

அக்டோபர் 7, செவ்வாய்

வேலை முடிந்ததும் ஷம்ஷாத் அக்காவைப் பார்த்தேன். இந்தப் பக்கத்துக்குக் கேபிள் லைன் அவர்களுடையது. வீட்டுக்காரர் தவறிய பிறகு தானே நடத்துகிறார். சேலைக்கு மேல் ஒரு கோட்டு, தோளில் வயர்ச் சுருள், பையில் ஸ்க்ரூடிரைவர். நான் சொல்லி முடிக்கும் முன்பே என்னோடு இறங்கி வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தார்.

"எத்தனை வருசமா இந்தக் குழியில இருக்கே போஸு? ஒரு டிவி லைன்கூட இல்லையே!"

"டிஷ் குடை வச்சிருக்கோம்க்கா. மழை பெஞ்சா படம் வராது."

"மேல ரோட்டுக் கம்பத்துல இருந்து வயர் இழுக்கணும். தேயிலைக்குள்ள நிக்கிற சில்வர் ஓக் மரத்துலயெல்லாம் கட்டிக் கட்டிக் கொண்டு வரணும். உள்ள வந்ததும் மோடத்துல மாட்டிருவேன். மோடத்துல இருந்து ரவுட்டரு. ரவுட்டர்ல இருந்து காத்துல வந்துரும். அவ்ளோதான்."

அவர் சொல்லும்போது அவ்வளவுதான் போலத்தான் இருந்தது.

கோழிக்குத் தீனி வைத்தேன். கூரைத் தகரம் ஒன்று கழன்றிருந்தது, அடித்தேன். கருவேப்பிலைச் செடி நன்றாக இருக்கிறது மதி.

அக்டோபர் 8, புதன்

வளைவில் நின்று மதியோடு பேசினேன். குரல் கம்மியிருந்தது. ஆபரேஷன் செய்த இடத்தில் சீழ் வைத்திருக்கிறதாம், காய்ச்சல் விட்டு விட்டு வருகிறதாம். ஊசி போடுகிறார்கள்.

"பாப்பாவைப் பெட்டியில இருந்து வெளிய எடுத்துட்டாங்க. இனிமே யாராச்சும் நெஞ்சோட வச்சுக் கட்டிக்கிட்டு உக்காரணுமாம். சட்டை இல்லாம, தோலோட தோலா. கங்காரு மாதிரின்னு எஸ்தர் சிஸ்டர் சொல்றாங்க. அப்படி வச்சாத்தான் சூடு நிக்கும், எடை ஏறுமாம்."

"நல்லதுதானே."

"என்னால இப்ப முடியாதுங்க, காய்ச்சல் நிக்கணும். அம்மாவுக்கு இருமல், உள்ளயே விட மாட்டேங்கறாங்க." பிறகு கேட்டாள். "நீங்க வந்து உக்கார்றீங்களா?"

நான் லைன் வேலையைச் சொன்னேன். வயர் இழுக்கும்போது கூட ஒரு ஆள் நிற்க வேண்டும், வழி காட்ட வேண்டும், ரெண்டு நாளில் முடிந்துவிடும் என்றேன்.

"சரிங்க" என்றாள்.

பஸ் வந்துவிட்டது, சத்தத்தில் மேலே பேச முடியவில்லை.

வேலையைப் பாதியில் விட்டுப் போவது சரியாக இருக்காது. லைன் வந்தால்தானே குழந்தையையே அனுப்புவார்கள்?

அக்டோபர் 9, வியாழன்

வயர் இழுத்தோம். நான் சுருளைப் பிரித்துக்கொண்டே இறங்க, ஷம்ஷாத் அக்கா மரத்துக்கு மரம் ஏணி வைத்துக் கட்டிக்கொண்டு வந்தார். தேயிலைக்குள் அட்டை அதிகம். காலில் உப்பு தேய்த்தும் ஏறிவிட்டன.

நடுவழியில் வெற்றிலை போட உட்கார்ந்தபோது கேட்டார்.

"ஆமா, பொண்டாட்டி ஆஸ்பத்திரியில. நீ இங்க என்ன பண்றே?"

"லைனுக்குத்தான்க்கா."

"லைனுக்கு நான் இருக்கேன். கூலிக்கு ஒரு ஆளைக் கூப்பிட்டா வந்துட்டுப் போறான்."

"பழக்கமில்லாத ஆள் இந்தச் சரிவுல விழுந்துருவான்க்கா."

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்தார்.

வயர் வீட்டு ஜன்னல் வரை வந்துவிட்டது. கல் சுவர், துளை போடப் பெரிய மெஷின் கொண்டு வர வேண்டுமாம்.

அக்டோபர் 10, வெள்ளி

நல்ல மழை. துளை போட வரவில்லை. ரோடு மோசம் என்றார்கள், அதனால் கோயம்புத்தூர் போகவில்லை. பேக்கரியில் தீபாவளி ஆர்டர் குவிந்து கிடக்கிறது. இன்று வர்க்கி அடுக்கடுக்காக நன்றாக உப்பி வந்தது.

அக்டோபர் 11, சனி

சுவரில் துளை போட்டு வயரை உள்ளே எடுத்தாயிற்று. மோடத்தை மேசைமேல் வைத்தார். கறுப்பு டப்பா, ஒரு டிபன் பாக்ஸ் அளவு. பின்னால் கேபிளைத் திருகி, கரண்டு கொடுத்ததும் விளக்குகள் ஒவ்வொன்றாக வந்தன. முதல் விளக்கு சிமிட்டாமல் நின்று எரிந்தது. இரண்டாவது சிமிட்டிச் சிமிட்டி நின்றது. கடைசியில் பூமி உருண்டை போட்ட விளக்கு மட்டும் சிமிட்டிக்கொண்டே இருந்தது.

"அது நிக்கணும். நின்னாத்தான் லைன் சேர்ந்துச்சுன்னு அர்த்தம்."

நிற்கவில்லை. முனையை வெட்டி, உள்ளே இருக்கும் செம்புக் கம்பியைச் சுத்தம் செய்து, திரும்ப மூடி மாட்டினார். அப்போதும் நிற்கவில்லை. மோடத்தின் அடியில் ஒட்டியிருக்கும் நம்பரை ஆபீசில் சொல்லிப் பதிய வேண்டுமாம். அதற்கு போன் செய்ய வேண்டும். போனுக்குச் சிக்னல் வேண்டும். சிக்னலுக்கு வளைவுக்குப் போக வேண்டும்.

நம்பரைக் கையில் எழுதிக்கொண்டு நான் மேலே ஓடினேன். ஆபீஸ் பையன் பதிந்துவிட்டு, "இப்ப மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்" என்றான். நான் கீழே ஓடினேன். ஆஃப் செய்து ஆன் செய்தோம், அப்படியேதான் இருந்தது. திரும்ப மேலே ஓடினேன். "கடைசி எழுத்து பி-யா, எட்டா சார்?" என்று கேட்டான். வியர்வையில் கையிலிருந்த மை அழிந்திருந்தது. திரும்பவும் கீழே ஓடினேன்.

ஷம்ஷாத் அக்கா படியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். மதி இருந்திருந்தால் அவளும் சிரித்திருப்பாள்.

கடைசியில் அந்த விளக்கு நின்றது. ரவுட்டர் திங்கட்கிழமை வரும், அதை மாட்டினால் முடிந்தது.

மதியிடம் சொன்னேன். "நல்லதுங்க" என்றாள். "காலையில வந்துருவீங்களா?" என்று கேட்டாள். பார்க்கிறேன் என்றேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

காலையில் பார்த்தால் லைன் இல்லை, அந்த விளக்கு திரும்பச் சிமிட்டியது. வயர் போன வழியே ஏறிப் பார்த்தேன். காட்டுமாடு ஒன்று தேயிலைக்குள் புகுந்து போயிருக்கிறது. வயர் கொம்பில் மாட்டியிருக்க வேண்டும். மூன்று மரத் தூரத்துக்கு அறுத்து இழுத்துக்கொண்டு போய்விட்டது. சேற்றில் என் உள்ளங்கையைவிடப் பெரிய குளம்படி இருந்தது.

கோபம்தான் வந்திருக்க வேண்டும், ஆனால் வரவில்லை. மனசு கொஞ்சம் லேசானது போல இருந்தது. ஏனென்று தெரியவில்லை. இன்னும் இரண்டு நாள் வேலை இருக்கிறது என்று மதிக்குச் சொன்னேன்.

அக்டோபர் 13, திங்கள்

வளைவில் நின்று கூப்பிட்டபோது அத்தைதான் எடுத்தார். மதி தூங்குகிறாளாம்.

"மாப்ள, கோவிச்சுக்காதீங்க. அந்தச் சிஸ்டரு தினம் வந்து கேக்குது, வளர்மதி பேபி அப்பா எங்கன்னு. நான் மலையில மழை, மலையில மழைன்னு சொல்லிட்டு இருக்கேன். அது இன்னிக்கி ஜன்னலத் திறந்து வானத்தைப் பாத்துச்சு."

"காட்டுமாடு வயரை அறுத்துருச்சு அத்தை."

"மதி சொன்னா." மூச்சு விடும் சத்தம் கேட்டது. "எடை ஏறலை மாப்ள. ரெண்டு நாளா அப்படியே நிக்குது. பயப்பட ஒண்ணுமில்லைங்கறாங்க. இருந்தாலும் சொல்றேன்."

கீழே வந்து சாதம் வடித்தேன், சாப்பிடவில்லை. கோழிக்குப் போட்டேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

இன்று நிறைய எழுத வேண்டும்.

அறுந்த வயரை மாற்றி, இந்த முறை உயரமாகக் கட்டினோம். ரவுட்டரும் வந்தது, வெள்ளை டப்பா, இரண்டு கொம்பு. மோடத்திலிருந்து ஒரு குட்டி வயர் அதற்குப் போகிறது. போனில் ஒரு பக்கம் திறந்து பெயரும் பாஸ்வேர்டும் கேட்டது. பெயர் என்ன வைக்க என்று ஷம்ஷாத் அக்கா கேட்டார். பள்ளம் என்று சொன்னேன், அப்படியே வைத்தார்.

முன்னறையில் நன்றாக வந்தது. தொட்டில் கட்டப்போகிற படுக்கையறைக்குள் போனால் ஒன்றுமில்லை. நடுவில் கல் சுவர் இருக்கிறது. அங்கேதான் சிஸ்டருக்குக் குழந்தையைக் காட்ட வேண்டும்.

"ரவுட்டரை உசரத்துல வை. அந்த ரூமுக்குள்ளயே கொண்டு போயிரலாம், குட்டி வயரை நீளமாப் போட்டுத் தர்றேன். அந்தப் பீரோ மேல நல்லா இருக்கும். அந்தப் பையை மட்டும் எடுத்துரு."

பீரோ மேல் ஒரு துணிப்பை இருக்கிறது.

"அது இருக்கட்டும்க்கா. சுவத்துல ஆணி அடிச்சு மாட்டிக்கலாம்."

"கல் சுவத்துல ஆணி எங்க இறங்கும்? பையைத்தானே எடுக்கச் சொல்றேன்." அவரே ஸ்டூலில் ஏறி எடுத்துவிட்டார். வாய் கட்டாத பை. சின்னச் சட்டைகள் இரண்டும் ஒரு மஞ்சள் தொப்பியும் தரையில் விழுந்தன.

மதி தைத்தவை. இரண்டு வருஷத்துக்கு முன் எங்களுக்கு ஒரு பையன் பிறந்தான். அவனும் நாள் ஆகும் முன்பே வந்தவன். ஒரு வாரம் இருந்தான்.

ஷம்ஷாத் அக்கா ஸ்டூலிலிருந்து இறங்கினார். சட்டைகளை ஒவ்வொன்றாகத் தட்டி மடித்துப் பைக்குள் வைத்தார். பையைக் கட்டிலின்மேல் வைத்துவிட்டு, "நான் மேல போயி ஜாயிண்டைப் பாத்துட்டு வர்றேன்" என்று வெளியே போனார். அங்கே பார்க்க ஒன்றுமில்லை என்று எனக்கும் தெரியும்.

நான் ரவுட்டரைப் பீரோ மேல் வைத்தேன். போனில் எல்லாக் கோடும் காட்டியது.

இந்த வீட்டுக்குள் நின்று நான் போன் பேசியதே இல்லை. வீடியோவில் மதியைக் கூப்பிட்டேன். உடனே எடுத்தாள். முகம் இளைத்திருந்தது, தலை சீவியிருந்தாள். என்னைப் பார்க்காமல் எனக்குப் பின்னால் பார்த்தாள்.

"நம்ம ரூமா அது? பெட்ஷீட் மாத்தலையா?"

"நாளைக்கு மாத்தறேன்."

பக்கத்தில் எஸ்தர் சிஸ்டர் இருந்தார். "ஓ, மலையில லைன் வந்துருச்சா! இருங்க, உங்க பொண்ணைப் பாருங்க" என்று போனை வாங்கிக்கொண்டு நடந்தார். தரை, கதவு, பச்சைத் திரை எல்லாம் ஆடி ஆடி ஓடின. படம் ஒரு நிமிஷம் உறைந்து நின்றுவிட்டது. நான் பீரோவுக்கு அருகில் போய்ப் போனைத் தூக்கிப் பிடித்தேன். வந்துவிட்டது.

குல்லா போட்டிருந்தாள். மூக்கில் குழாய் ஒன்று ஒட்டியிருந்தது. ஒரு கை மட்டும் துணிக்கு வெளியே இருந்தது. விரல்களை விரித்தாள், மூடினாள். அதையே திரும்பத் திரும்பச் செய்தாள். பெட்டிக்கு வெளியே நின்று பார்த்தபோது இவ்வளவு அருகில் நான் பார்த்ததில்லை. புருவம் மதிக்கு இருப்பது போலவே.

"பேசுங்க சார். அவளுக்குக் கேட்கும்."

"பாப்பா" என்றேன். பிறகு, "சாப்ட்டியா?" என்றேன். சிஸ்டர் சிரித்தார்.

போன் மதியிடம் திரும்பியது.

"லைன் நல்லா வந்துருச்சுல்ல?"

"வந்துருச்சு."

"ரவுட்டர் மாட்டியாச்சா?"

"மாட்டியாச்சு."

"இனி என்ன வேலை பாக்கி இருக்கு?"

சமையலறையில் சிக்னல் சரியாக வரவில்லை, அதையும் பார்க்க வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். சொல்லவில்லை.

"ஏங்க. அன்னிக்கு நான் மயக்கத்துல கெடந்தேன். அவனை மடியில வச்சுக்கிட்டு மேட்டுப்பாளையத்துல இருந்து இந்த மலை ஏறினது நீங்க ஒருத்தர்தான். அதைப் பத்தி ஒரு வார்த்தை நீங்க என்கிட்ட சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை."

நான் கட்டில்மேல் இருந்த துணிப்பையைப் பார்த்தேன்.

"உங்க கைக்கு அந்தச் சில்லிப்புதான் ஞாபகம் இருக்கும்னு எனக்குத் தெரியும். திட்டறதுக்குச் சொல்லலைங்க. எனக்கும் பயமாத்தான் இருக்கு." முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "இவ சூடா இருக்காங்க. வந்து தொட்டுப் பாருங்க."

படம் நின்றுவிடவில்லை. ஆனாலும் எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

ஷம்ஷாத் அக்கா திரும்பி வந்தபோது நான் பையில் லுங்கியும் துண்டும் வைத்துக்கொண்டிருந்தேன். "சாவியைக் குடு, கோழியை நான் பாத்துக்கறேன்" என்றார்.

அக்டோபர் 15, புதன்

முதலாளி, தீபாவளி நேரத்தில் லீவா என்று முகம் சுளித்தார். காரணம் சொன்னதும், "இதை ஏண்டா ஒரு வாரம் கழிச்சுச் சொல்றே?" என்று திட்டி, ஒரு பெட்டி வர்க்கியைக் கையில் கொடுத்து அனுப்பினார்.

ஆஸ்பத்திரிக்குப் போனதும் எஸ்தர் சிஸ்டர் என்னைக் குளித்துவிட்டு வரச் சொன்னார். கையை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னார். கழுவினேன். போதும் என்றார். திரும்பக் கழுவினேன். "சார், தோலு உரிஞ்சுரும்" என்று குழாயை அவரே மூடினார்.

சட்டையைக் கழற்றிவிட்டுச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தேன். கையில் அடுப்புச் சூடு பட்ட தழும்புகளைப் பார்த்து என்ன என்று கேட்டார், சொன்னேன். "அப்ப நல்ல சூடான ஆள்தான்" என்றார்.

குழந்தையைக் கொண்டு வந்தபோது நான் இரண்டு கையையும் நாற்காலிப் பிடியில் இறுக்கி வைத்திருந்தேன்.

"கையை எடுங்க சார்."

எடுக்க வரவில்லை. அவர் அவசரப்படுத்தவில்லை. குழந்தையை என் நெஞ்சில் படுக்க வைத்து, தலையை ஒரு பக்கமாகத் திருப்பி, தன் கையால் பிடித்துக்கொண்டே நின்றார்.

சூடாக இருந்தாள்.

ஒரு பெட்டி வர்க்கி அளவுகூட எடை இல்லை. ஆனால் அந்த இடம் முழுக்கச் சூடு. முதுகு ஏறி இறங்கியது. நான் மூச்சை அடக்கிக்கொண்டு அதையே பார்த்தேன். ஒரு தடவை ஏறியது இறங்கும் வரை, இறங்கியது ஏறும் வரை. எப்போது என் கை நாற்காலியை விட்டு அவள் முதுகுக்கு வந்ததென்று எனக்குத் தெரியாது. சிஸ்டர் தன் கையை எடுத்துவிட்டிருந்தார். துணியைச் சுற்றி முடிச்சுப் போட்டார்.

"நீங்க மூச்சு விடுங்க சார். நீங்க விட்டாத்தான் அவளும் ஒழுங்கா விடுவா."

விட்டேன். பிறகு அழுதேன். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் மதி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நடக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள், நடந்து வந்திருந்தாள்.

அக்டோபர் 17, வெள்ளி

காலையில் நான், மாலையில் நான். நடுவில் சாப்பிட விடுகிறார்கள். எடை ஏறியிருக்கிறது. அத்தை இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டார்.

வார்டில் இன்னும் மூன்று அப்பாக்களைச் சிஸ்டர் பிடித்து உட்கார வைத்துவிட்டார். வரிசையாக, சட்டையில்லாமல். ஒருவர் பொள்ளாச்சியில் தேங்காய் ஏவாரி. குழந்தையிடம் தேங்காய் விலை சொல்லிக்கொண்டிருந்தார்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. வார்டில் எல்லாருக்கும் முதலாளி கொடுத்த வர்க்கி. மதிக்குக் காய்ச்சல் இல்லை. இன்று முதல் அவளும் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். குழந்தையை அவிழ்த்து அவளிடம் கொடுத்தபோது என் நெஞ்சு குளிர்ந்து போனது. அதைச் சொன்னேன். "எனக்குக் குடுக்க மனசில்லையோ?" என்றாள்.

பெயர் பேசினோம். அவள் வெண்ணிலா என்றாள். மதியின் மகள் வெண்ணிலா. எனக்கும் பிடித்தது.

நவம்பர் 5, புதன்

வீட்டுக்கு வந்துவிட்டோம். காரில் மலை ஏறும்போது குழந்தை மதியிடம் இருந்தாள். மேட்டுப்பாளையம் தாண்டியதும் மதி என்னைப் பார்த்தாள். "குடு" என்றேன். வாங்கி, சட்டைக்குள் வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு வளைவிலும் அவள் மூச்சு என் மேல் பட்டது. பக்கத்தில் மதி என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

ஷம்ஷாத் அக்கா வீட்டைப் பெருக்கிக் கோலமே போட்டு வைத்திருந்தார். குழந்தைக்கு அந்த மஞ்சள் தொப்பியை மதிதான் எடுத்துப் போட்டாள்.

நவம்பர் 8, சனி

மதி இந்த நோட்டை எடுத்துப் படித்துக்கொண்டிருந்தாள். "பத்தாம் தேதி ரோடு மோசம்னு எழுதியிருக்கீங்க. அன்னிக்கு என் சித்தி கோத்தகிரியில இருந்து பஸ்ல வந்து என்னைப் பாத்துட்டுப் போச்சே" என்றாள். நான் குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடையைக் கழுவப் போய்விட்டேன். அவள் சிரித்தாளா என்று திரும்பிப் பார்க்கவில்லை. சிரித்தாள், சத்தம் கேட்டது.

சாயங்காலம் வெண்ணிலா என் நெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்தாள். எஸ்தர் சிஸ்டர் வீடியோவில் வந்து பார்த்துவிட்டு, "நிறம் நல்லா இருக்கு, அப்படியே இருங்க" என்று சொல்லிப் போனார். கொஞ்ச நேரத்தில் கரண்டு போனது. திரும்பி வந்தபோது மோடம் விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தது, நிற்கவில்லை.

"ஏங்க, லைன் வரலை. பாருங்க" என்றாள் மதி.

"அவ தூங்கறா. நீ பாரு."

"எனக்கு என்ன தெரியும் அதைப் பத்தி?"

"நான் சொல்றேன். முதல்ல ரெண்டையும் ஆஃப் பண்ணு."

மதி சுவிட்சை அணைத்தாள். நான் கிசுகிசுப்பாகச் சொல்லச் சொல்ல, அவளும் கிசுகிசுப்பாகவே திருப்பிக் கேட்டாள்.

"இப்ப?"

"கொஞ்சம் பொறு."

"எவ்ளோ நேரம்?"

"அவசரமில்லை."

மோடத்தைப் போட்டாள். முதல் விளக்கு வந்தது, இரண்டாவதும் வந்தது. மூன்றாவது விளக்குக்காகக் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றாள். வெண்ணிலா தூக்கத்தில் நெளிந்து, கன்னத்தை என் மேல் தேய்த்துக்கொண்டு, திரும்ப அடங்கினாள். விளக்கு நின்றதா என்று நான் கேட்கவில்லை.